எண்ணாத வேட்டு

செம்மறி ஒன்று நின்றாலும் ஷீப், ஒரு கிடையே நின்றாலும் ஷீப் என்று பாலையா சொன்னதும் நான் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அருப்புக்கோட்டையில் அவர் வீட்டில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு அவர் நெய்துகொண்டிருப்பார். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். தறி ஓடும்போது பேச்சு இல்லை. நூல் அறுந்தால் அதை முடிச்சுப் போடுகிற நேரம்தான் எனக்குப் பாடம். அன்றைக்கு நூல் அடிக்கடி அறுந்தது.

நான் தமிழ் எழுத்தே முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். கிணறு வெட்டுகிறவனுக்கு இங்கிலீசு எதற்கு என்று கேட்டால், எங்கள் மேஸ்திரி வீரணனுக்கு வயதாகிக்கொண்டு வந்தது. வேட்டு வைக்கிற லைசென்ஸு அவர் பேரில் இருந்தது. அதை என் பேருக்கு மாற்ற வேண்டும் என்றால் வெடிமருந்துத் தோட்டாப் பெட்டியில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கத் தெரியவேண்டும், ஆபீசில் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் பாலையா வீடு.

"இது என்ன ஞாயம்? பூனைக்கு எஸ் போட்டீக, நாய்க்கு எஸ் போட்டீக. செம்மறிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"போடமாட்டாக, அம்புட்டுத்தான். மானுக்கும் அப்படித்தான். ஒண்ணும் டீர், ஒரு காட்டு மானும் டீர்."

"அப்ப கேக்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல இஸ் நிக்குதா, ஆர் நிக்குதான்னு பாரு. இஸ்ஸுன்னா ஒண்ணு, ஆர்ன்னா பலது."

"ரெண்டுமே இல்லேன்னா?"

பாலையா அறுந்த நூலைப் பல்லில் கடித்தபடி யோசித்தார். "ஷீப் வந்துச்சுன்னு மட்டும் எழுதியிருந்தா, அதுல இஸ்ஸும் வராது ஆரும் வராது. வந்தது ஒத்தையா மந்தையான்னு தெரியாதுதான்."

"பெறகு?"

"எழுதுனவனைத்தான் போய்க் கேக்கணும்."

அவர் சம்சாரம் நாகமணி, மூலையில் தறிக்கு ஊடைநூல் தார் சுற்றிக்கொண்டிருந்தவர், சிரித்துவிட்டார். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தெலுங்கு. நான் இருந்தால் தமிழ். "நம்ம மட்டும் என்னவாம்? மாடு மேயுதுங்கிறோம். ஒரு மாடா, பத்து மாடா? இந்தா இருக்காக பாருங்க, ஒத்தை ஆளு. இவுகளைப் போயி அவுக வந்தாக, அவுக சாப்பிட்டாகன்னு பத்துப் பேரு வந்த மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

"பத்துப் பேரு வேலையையும் நான்தானே செய்யிறேன்" என்றார் பாலையா. "ஏப்பா சந்தனம், கத்தரிக்கோல் கதையைக் கேளு. கையில ஒண்ணுதான் இருக்கும். ஆனா எஸ்ஸு உண்டு. சிசர்ஸ்."

"ஒத்தைக் கத்தரிக்கோலுக்கா?"

"அதுல ரெண்டு அலகு இருக்குல்ல."

"அப்படிப் பாத்தா ஆட்டுக்கு நாலு காலு இருக்கு."

"உனக்கு இன்னைக்குப் பாடம் போதும்" என்று தறியை ஓட்டத் தொடங்கிவிட்டார். "எதைப் பாத்தாலும் இங்கிலீசுல எண்ணிப் பழகு. அதுவாச்சும் வாய்க்கு வரும்."

எரிச்சலோடுதான் பஸ்ஸு ஏறினேன். எங்கள் தொழிலில் ஒன்றா இரண்டா என்பதில் ஆள் உயிர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு ஒரு பாஷை எப்படிப் பிழைக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சங்கையாவின் கிணறு பரளச்சிக்குக் கிழக்கே காட்டுக்குள் இருந்தது. மேலே கரிசல், அதற்குக் கீழே சுக்கான்கல், அதற்கும் கீழே பாறை. பாறைக்கு வந்தபிறகு ஆள் தேய்ந்ததுதான் மிச்சம், பாறை தேயவில்லை. அறுபத்தொன்பதாம் வருசம். முந்தின மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் நடந்தார்கள். நான் பாடத்துக்குப் போனதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயந்திரம்தான் வடக்கு மூலையில் ஒரு வெடிப்பில் ஈரம் தெரிந்திருந்தது. என் சம்சாரம் ஒச்சம்மாள் உள்ளங்கையை அதில் வைத்து எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். கை மினுங்கியது.

திங்கட்கிழமை காலையில் கிணற்றைச் சுற்றிச் சனம் நின்றது. குடம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், சும்மா பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். சங்கையா அக்குளில் ஒரு புது வேட்டியையும் துண்டையும் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் அது முறை. ஊற்றை முதலில் கண்டு, முதல் செம்புத் தண்ணீரை மேலே கொண்டுவருகிறவனுக்குப் புது வேட்டி கட்டிவிட்டுக் கொட்டோடு ஊருக்குள் அழைத்துப் போவார்கள்.

அந்த வேட்டியின்மேல் ரத்தினத்துக்குக் கண். ரத்தினம் ஒச்சம்மாளின் தம்பி. தை மாதம்தான் பாலவனத்தத்தில் பெண் கட்டியிருந்தான். மாமனார் வீட்டில் ஒரு நாள்கூட அவனை நடுவீட்டில் உட்காரவைத்துச் சோறு போடவில்லை, கல்லுடைக்கிற பய என்றே பேச்சு. ஒரு கிணற்றுக்குத் தண்ணீர் கண்டவன் என்று வேட்டியோடு போய் நிற்கவேண்டும் என்று அவன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நேத்து என்ன படிச்சீரு?" என்று துளை போட்டுக்கொண்டே கேட்டான். நான் உளியைப் பிடித்திருந்தேன், அவன் சம்மட்டி அடித்தான்.

நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஏலே, கேட்டுக்கோங்க. வெள்ளைக்காரனுக்கு ஒரு ஆடும் ஷீப்பாம், ஆயிரம் ஆடும் ஷீப்பாம். அவன்கிட்ட ஒரு ஆட்டை வித்துட்டு மந்தைக்கு வெலை கேட்டா குடுப்பானா மச்சான்?"

"உன்னைய வித்தா ஒரு ஆட்டு வெலைகூடத் தேறாது. அடி."

"இனிமே உமக்குப் பேரு ஷீப்பு மச்சான்தான்."

கூடை சுமக்கிற பேச்சி மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பேச்சி நரிக்குடிப் பக்கத்துக்காரி. அங்கே வேறொரு கூட்டத்தோடு கிணறு வெட்டப் போனவள்; அந்தக் கூட்டம் கலைந்துபோய் முந்தின வாரம்தான் எங்களிடம் சேர்ந்தாள். சுறுசுறுப்பானவள். வாய்விட்டு எதையும் கேட்கமாட்டாள், பார்த்தே பழகிக்கொள்வாள்.

உச்சிப்பொழுதுக்குத் துளை எல்லாம் தயார். வீரணன் தோட்டாவை இறக்கி, களிமண் வைத்து இறுக்கினார். திரிகளை ஒன்றைவிட ஒன்று நாலு விரல் கூட்டி வெட்டுவார். அப்போதுதான் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும், எண்ண முடியும்.

"இன்னைக்கு நாலு" என்றார்.

அவர் நாலு என்றால் துளை ஐந்து. எங்கள் கூட்டத்தில் அன்றாடம் முதலில் வெடிக்கிற வேட்டு சாமிக்கு. அதை எண்ணமாட்டோம். எண்ணினால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டமாதிரி. முதல் சத்தம் கேட்டதும் வாய்க்குள்ளேயே 'சாமி' என்போம். அடுத்த சத்தத்துக்குத்தான் 'ஒண்ணு'. வீரணனின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

வழக்கமாக எண்ணுகிறவள் ஒச்சம்மாள். வீரணனுக்கு எத்தனையோ வருச வேட்டில் காது மந்தம், அவர் எண்ணமாட்டார். ஆனால் அன்றைக்கு வண்டிப்பாதையில் ஆட்டுமந்தை ஒன்று வந்துகொண்டிருந்தது. அதைத் தூரத்திலேயே நிறுத்திவைக்க ஒச்சம்மாள் ஓடினாள். ஓடும்போது, "பேச்சி, நீ எண்ணிக்கோடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் வீரணனும் திரிகளைப் பற்றவைத்துவிட்டு முடிச்சுக் கயிற்றில் ஏறி வந்தோம். "வேட்டு, வேட்டு" என்று கத்திக்கொண்டே ஓடி, கல்லும் மண்ணும் கொட்டியிருந்த மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்தோம். சனம் இன்னும் தள்ளிப் பனைகளுக்குப் பின்னால் இருந்தது.

முதல் சத்தம். மார்புக்குக் கீழே தரை உதைத்தது. இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் தடித்துக் கேட்டது, குடத்துக்குள் கத்தினமாதிரி. நாலாவது. பிறகு கல் விழுகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தோம்.

பேச்சி எழுந்து நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள். "நாலு."

வீரணன் காதுக்கு அது எட்டாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"நாலுதான்" என்று நானும் விரலைக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்தார். புகை அடங்குகிறவரை உட்கார்ந்து வெற்றிலை போடுவது அவர் வழக்கம். ஆனால் சனம் பனைகளை விட்டு வந்துவிட்டது. புகை இழை இழையாகப் பிரிந்துகொண்டிருக்கும்போதே ரத்தினம் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, செம்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கடப்பாறையைத் தோளில் மாட்டியபடி கயிற்றில் இறங்கினான். "மெல்லப் போடா" என்று யாரோ சொன்னார்கள். கையைக் காட்டிக்கொண்டே மறைந்தான்.

சங்கையா என் பக்கத்தில் வந்து நின்றார். சந்தோசத்தில் இருந்தார். "எத்தனை வேட்டுப்பா வச்சீங்க?"

"அஞ்சுண்ணே."

"நாலுன்னுல அந்தப் பிள்ளை சொல்லுச்சு?"

"மொத வேட்டு சாமிக்குண்ணே. அதை எண்ணமாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன்.

மேட்டுக்குப் பின்னால் படுத்திருந்தபோது என் வாய் எண்ணியது இங்கிலீசில். ஒன், டூ, த்ரீ, போர். முதல் சத்தத்துக்கே ஒன். இங்கிலீசில் எண்ணும்போது சாமி ஞாபகம் வரவில்லை, அதில் சாமிக்கு இடமும் இல்லை. அப்படியானால் நான் கேட்டது மொத்தமே நாலு. பேச்சி சொன்ன நாலு, சாமியைத் தள்ளிய நாலாக இருந்தால் என் காதில் ஒன்று விழாமல் போயிருக்கவேண்டும். அது நடக்கிற காரியமில்லை.

பேச்சி கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓடினேன்.

"பேச்சி, மொதச் சத்தத்துக்கு என்ன சொன்ன?"

"எந்தச் சத்தத்துக்கு?"

"முதல்ல வெடிச்சதுக்கு. வாயில என்ன சொன்ன?"

"ஒண்ணுன்னு சொன்னேன்." என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "வேற என்னண்ணே சொல்லுவாக? எங்க பக்கம் ஒண்ணுன்னுதான் சொல்லுவாக."

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துளை எத்தனை என்றும் அவளுக்குத் தெரியாது. எண்ணச் சொன்னோம், எண்ணினாள்.

வீரணன் காதோடு வாயை வைத்துச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பினார். எழுந்தபோது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழவில்லை, நேரே எழுந்தார்.

"மூணாவது எப்படிக் கேட்டுச்சு?"

"தடிச்சாப்புல இருந்துச்சு."

"ரெண்டு திரி ஒண்ணாப் போயிருந்தாலும் அப்படித்தான் கேக்கும்."

"அப்ப அஞ்சும் போயிருக்குமா?"

"போயிருக்கும். போகாமயும் இருக்கும். அது ஒத்தைச் சத்தமா ரெட்டைச் சத்தமான்னு அதைக் கேட்டவனுக்கே தெரியாது. கிணத்துக்குள்ள எல்லாம் ஒண்ணாத்தான் கேக்கும்." கிணற்றின் பக்கம் நடந்தார். "அவனை மேல ஏத்து. கத்தாத. கத்துனா துள்ளுவான்."

விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். ஐந்தாறு ஆள் ஆழம். புகைக்குள் ரத்தினத்தின் முதுகு தெரிந்தது. உடைந்த கல் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தது. அவன் அதன்மேல் வெறுங்காலோடு நின்று வடக்கு மூலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள" என்றேன், சோற்றுக்குக் கூப்பிடுகிறமாதிரி. "கடப்பாறையால எங்கயும் இடிச்சிராத. அப்படியே மெல்ல ஏறி வா."

நிமிர்ந்தான். "ஏன்?"

"ஒரு வேட்டு பாக்கி இருக்குன்னு நெனைக்கோம்."

"நாலுன்னு நீரும் சொன்னீரே."

"நான் சாமியைச் சேத்து எண்ணிட்டேன். பேச்சியும் அப்படித்தான் எண்ணியிருக்கா."

அவன் சிரித்த சிரிப்பு கிணறு முழுக்கச் சுற்றி வந்தது. "ஊரே நிக்கும்போது என்னைய மேல ஏத்திட்டு நீரு இறங்கப் பாக்கீரா மச்சான்? வேட்டி எனக்குத்தான். வேணும்னா துண்டை உமக்குத் தாரேன்."

"ரத்தினம், வெளையாட்டு இல்லை. மேஸ்திரியும் சொல்றாரு."

"மேஸ்திரிக்குக் காது கேக்காது. உமக்கு ஒண்ணுக்கும் பலதுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் கேட்டேன், மூணாவது ரெட்டைச் சத்தம். ரெண்டு சேந்து போச்சு. எல்லாம் முடிஞ்சுபோச்சு." குனிந்து வெடிப்பில் கையை வைத்தான். "இங்க தண்ணி கசியுது. விரலுக்கு மேல ஓடுது. ஒரு இடி இடிச்சா தெறந்துக்கிரும்."

கடப்பாறையைத் தூக்கிக் கையில் எச்சில் துப்பினான்.

மேலே சனம் 'தண்ணி, தண்ணி' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு விளிம்புக்கு நெருங்கியது. வீரணன் இரண்டு கையையும் விரித்துத் தள்ளினார். சங்கையா அவரைப் பார்த்து, "அவன்தான் இல்லைங்கிறானே மேஸ்திரி, எதுக்குச் சனத்தைத் தள்ளுறீக" என்றார். நான் சொன்னதையே சொன்னேன். கடப்பாறையை மெல்லக் கீழே வை, ஏறி வா. சொல்லச் சொல்ல அவனுக்கு அது வேட்டிக்கு வந்த பொறாமையாகத்தான் பட்டது. அவன் கால் மாற்றி நின்றபோது ஒரு கல் புரண்டு உருண்டது. அந்தச் சத்தத்துக்கு என் கண் தானாக மூடிக்கொண்டது.

ஒச்சம்மாள் வந்துவிட்டாள். மந்தை போன புழுதி அவள் தலையெல்லாம் இருந்தது. பேச்சி அழுதுகொண்டே அவளிடம் எதையோ சொன்னாள். ஒச்சம்மாள் சேலையை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகினாள், கயிற்றைப் பிடித்தாள், ஒரு காலை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டாள்.

"நானும் வாரேன்டா" என்றாள் கீழே பார்த்து.

"எதுக்கு?"

"தண்ணி வருதுங்கிற. பாக்கணும்ல. நான்தான மொதல்ல கை வச்சேன்."

"நீ மேல நில்லுக்கா. நான் கொண்டு வாரேன்."

"இல்லை, வாரேன்." இன்னொரு காலும் வெளியே வந்தது. கயிற்றின் முதல் முடிச்சைப் பெருவிரலால் தேடினாள்.

"இறங்காதக்கா."

"ஏன்டா? ஒண்ணும் இல்லேன்னியே."

கடப்பாறை தூக்கிய இடத்திலேயே நின்றது. அவன் முகம் அவ்வளவு ஆழத்தில் ஒரு காசு அளவுதான் தெரிந்தது; ஆனால் அது மாறியது எனக்குத் தெரிந்தது. ஒச்சம்மாள் அடுத்த முடிச்சுக்கு இறங்கினாள். கயிறு கிறீச்சென்றது.

"அக்கா, ஏறு. நீ மேல ஏறு. நான் வாரேன்."

"நீ கடப்பாறையை வையி, நான் ஏறுறேன்."

கடப்பாறையைத் தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைக்கிறமாதிரி ஒரு கல் குவியல்மேல் சாய்த்துவைத்தான். அதன்பிறகு காலை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் வீதியில் நடந்தமாதிரி நடந்தவன், கயிறு இருக்கிற நாலு எட்டுத் தூரத்துக்கு ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து வந்தான். ஒச்சம்மாளை நான் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். ரத்தினம் ஏறத் தொடங்கினான். பாதி ஏறிவிட்டான். முக்கால் ஏறிவிட்டான். விளிம்புக்கு வந்ததும் வீரணன் அவன் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

சங்கையாதான் முதலில் பேசினார்.

"இப்ப என்ன செய்யிறது?"

"நாளைக்கு இதே நேரம்வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்றார் வீரணன். "தண்ணி ஊறி அதை நனைக்கட்டும். பெறகு நான் இறங்கிப் பாப்பேன்."

"நாளைக்கா? இத்தனை சனம் குடத்தோட நிக்கிது. இருக்கா இல்லையான்னு தெரியாத ஒரு வேட்டுக்கு என் கிணத்தை மூடி வைக்கச் சொல்றீகளா? அஞ்சும் போச்சுன்னு அந்தப் பயலே சொன்னான்."

"இருக்கா இல்லையான்னு தெரியாததுக்குத்தான் மூடி வைக்கணும்."

"உங்க சாமி கணக்கை எல்லாம் உங்களோட வச்சுக்கோங்க. எனக்கு வேட்டுக் கொளுத்த வேற கூட்டம் இருக்கு." சங்கையா புது வேட்டியைக் கீழே வைத்து, சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டார். ஆள் வாட்டசாட்டமானவர், கயிறு ஏறப் பழகினவர். "என் கிணறு. நான் இறங்குறேன். எவன் தடுப்பான்னு பாக்கேன்."

இரண்டு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் கயிற்றை இழுத்துச் சோதித்தான். நாங்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தச் சனத்தைத் தடுக்க முடியாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தாகம்.

வீரணன் குத்துக்கல் பக்கம் போனார். முடிச்சுக் கயிறு கட்டியிருந்தது அதில்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். அந்தக் கயிறு அவரே திரித்தது. எங்களுக்குச் சோறு போட்டது. நாலு அறுப்பில் அறுத்தார். கயிறு பாம்பு வளைக்குள் போகிறமாதிரி வழுக்கிக்கொண்டு போய் விளிம்பைத் தாண்டி விழுந்தது. கீழே அது கல்லில் அடித்த சத்தத்துக்குச் சனம் முழுக்கப் பின்னால் ஒரு எட்டு வைத்தது.

வேறு முடிச்சுக் கயிறு கையில் இல்லை. அவ்வளவுதான், அன்றைக்கு இறங்க வழியில்லை. சங்கையா எங்களைத் திட்டின திட்டை எழுத முடியாது. கூட்டத்தை மாற்றப்போகிறேன் என்றார், சோற்றுக்கு ஊருக்குள் வராதே என்றார். குடங்கள் வெறுமையாகத் திரும்பிப் போயின. போகிற பெண்கள் பேச்சியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேச்சி கூடைக்குப் பின்னால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தாள்.

ரத்தினம் என்னிடம் பேசவில்லை. ஆனால் எல்லாரும் கேட்கிறமாதிரி, "அஞ்சும் போயிருச்சு. ஒரு ஆளு படிச்ச படிப்புல என் வேட்டி போச்சு" என்றான். சாயந்திரம்வரை அதையே சொன்னான். எனக்கும் உள்ளே ஒரு பயம் இருந்தது. அந்தத் தடித்த சத்தம் நிஜமாகவே இரண்டாக இருந்திருந்தால்? திரும்பத் திரும்பக் காதுக்குள் அதைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு தடவை ஒன்றாகக் கேட்டது, ஒரு தடவை இரண்டாகக் கேட்டது. இங்கே இஸ்ஸும் இல்லை, ஆரும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எழுதினவனும் இல்லை.

மறுநாள் புதுக்கயிறு கட்டினோம். சங்கையா வேறு கூட்டத்துக்குப் போகவில்லை. கோபம் ஒரு இரவுக்கு மேல் தங்காத ஆள். உச்சிப்பொழுதுக்கு வந்து தள்ளி நின்றார். அக்குளில் அந்த வேட்டி இருந்தது. சனம் முந்தின நாளைவிடக் குறைவு.

வீரணன் தனியாக இறங்கினார். அடியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. இரவோடு இரவாக அதுவே வழியைத் தேடிக்கொண்டு வந்திருந்தது. தெளியாத தண்ணீர். அவர் ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, கையை உள்ளே விட்டுத் தடவினார். தெற்கு மூலை, மேற்கு மூலை, கிழக்கு மூலை, நடு. வெடித்த துளை பிளந்து கிடக்கும், அது கைக்குத் தெரியும். நாலு இடத்தில் தலையாட்டினார். வடக்கே போனார். அங்கே வெகுநேரம் நின்றார். கை தோள்வரைக்கும் தண்ணீருக்குள் இருந்தது.

மேலே ஏறி வந்ததும் தலையைத் துவட்டவில்லை. நேராக ரத்தினத்தின் முன்னால் போய் நின்றார்.

"கடப்பாறையை எங்க வச்ச?"

"வடக்கு மூலையில ஒரு கல்லுக் குமியல்ல சாத்துனேன்."

"எதுக்காக அங்க?"

"அங்கதான் ஊத்துக்கண்ணு. அதுக்குப் பக்கத்துலதான் இடிக்க இருந்தேன்."

"அந்தக் குமியலுக்குள்ளதான் அஞ்சாவது வேட்டு இருக்கு. களிமண்ணு வச்சது வச்சபடி. திரி கருகி ரெண்டு விரலு மிச்சம் நிக்கிது." சத்தமாகப் பேசுகிற மனிதர், மெதுவாகச் சொன்னார். "கடப்பாறை அதுமேலதான்டா கிடக்கு."

ரத்தினம் "சரி" என்றான். கிணற்றைத் திரும்பிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். கையை ஊன்றி எழப் பார்த்தான், முடியவில்லை. நான் தோளைப் பிடித்தேன். என் கையைத் தள்ளவில்லை. என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

சங்கையா கிட்டே வந்தார். அக்குளிலிருந்த வேட்டியை எடுத்தார். வீரணனைப் பார்த்தார், ஒச்சம்மாளைப் பார்த்தார், ரத்தினத்தைப் பார்த்தார். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ரத்தினம் அதைப் பார்க்கவே இல்லை.

முந்தின நாளிலிருந்து ஒச்சம்மாள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. இப்போது அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அவன் தலையில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டிவிட்டாள்.

"கொள்ளையில போறவனே" என்றாள். "வேட்டிக்கு அலையிறவனே. அவளுக்குத் தாலி கட்டி நாலு மாசம் ஆகலை. நான் போயி அந்தப் பாலவனத்தத்துக்காரிக்கு என்னத்தடா சொல்லுவேன்? சொன்னா கேக்கமாட்ட, சொன்னா கேக்கமாட்ட, சின்னதுல இருந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கியாடா?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தவில்லை. நாங்கள் அவனைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நிழலுக்கு நடத்திக்கொண்டு போனோம். பின்னாலேயே அவள் திட்டிக்கொண்டே வந்தாள்.